முறையும் நிறைவும்: பணியிட அறம் பற்றிய ஓர் உரை



இன்று நாம் ஆராயவிருக்கும் பொருள், பணியிட அறத்துக்கும் பணியாளரின் மனநிறைவுக்கும் உள்ள தொடர்பு. பணியிட அறம் என்றவுடன் நம்மில் பலர்க்கு நினைவுக்கு வருவது பணியாளர் கடைப்பிடிக்க வேண்டிய ஒழுக்கமே: நேரம் தவறாமை, கடின உழைப்பு, கைசுத்தம், மேலதிகாரிக்குக் கீழ்ப்படிதல். இவை வேண்டுவனவே. எனினும் பணி செய்வோர்க்கு அறம் இருப்பது போலவே, பணி கொள்வோர்க்கும் அறம் உண்டு. பதவி உயர்வை எவ்வாறு முடிவு செய்கிறார்கள், பளுவை எவ்வாறு பகிர்கிறார்கள், குறை சொல்ல வந்தவரை எவ்வாறு எதிர்கொள்கிறார்கள் என்பவற்றில்தான் அந்த அறம் வெளிப்படுகிறது. இவ்வுரை பெரிதும் அந்த இரண்டாம் அறத்தைப் பற்றியது.

நான் சொல்ல விழைவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாழ்வதற்குப் போதிய ஊதியம் இன்றியமையாதது, அதில் ஐயமில்லை. ஆனால் அதற்குமேல், ஒரு பணியாளரின் மனநிறைவைக் காப்பதும் கெடுப்பதும் பெரும்பாலும் முடிவுகளைக் காட்டிலும் அம்முடிவுகள் எட்டப்படும் முறையே ஆகும்.

நிறைவும் நிறைவின்மையும்

பிரடெரிக் ஹெர்ஸ்பெர்க் என்ற அமெரிக்க உளவியலாளர் 1959இல் தம் துணையாசிரியர்களுடன் ஒரு நூலை வெளியிட்டார். பிட்ஸ்பர்க் வட்டாரத்தைச் சேர்ந்த ஏறத்தாழ 200 பொறியாளர்களிடமும் கணக்காளர்களிடமும் அவருடைய குழு இரு கேள்விகளைக் கேட்டிருந்தது. உங்கள் பணியில் மிக மகிழ்ந்திருந்த காலம் எது? மிக வருந்தியிருந்த காலம் எது? மகிழ்ச்சிக்குச் சொல்லப்பட்ட காரணங்கள் பெரிதும் பணியோடு ஒட்டியவை: சாதனை, பாராட்டு, பணியின் தன்மை, பொறுப்பு. வருத்தத்துக்குச் சொல்லப்பட்ட காரணங்களோ வேறு வகையின. அவற்றுள் முன்னணியில் நின்றது, நிறுவனத்தின் கொள்கையும் நிர்வாக முறையும். மேற்பார்வையாளரின் போக்கும் அவற்றுள் ஒன்று. நிறைவும் நிறைவின்மையும் ஒரே கோட்டின் இரு முனைகள் அல்ல என்று ஹெர்ஸ்பெர்க் முடிவு கட்டினார்.

இம்முடிவை மறுத்தோரும் உளர். வெற்றியைத் தனக்கும் தோல்வியைச் சூழலுக்கும் உரியதாக்குவது மனித இயல்பு. ஆகையால் நினைவுகூர்ந்து சொல்லும் விடைகளை அப்படியே ஏற்கலாகாது என்றனர். இம்மறுப்பில் நியாயம் உண்டு. ஆயினும், பணியில் வருந்திய காலத்தை நினைவுகூரச் சொன்னால் சம்பளத் தொகையைவிட நடத்தப்பட்ட விதமே பலர்க்கு முன்னால் வந்து நிற்கிறது என்பது நாம் எல்லோரும் அறிந்த ஒன்றே.

மூவகை நியாயம்

பிற்கால ஆய்வாளர்கள் பணியிட நியாயத்தை மூன்றாகப் பகுத்தனர். கிடைத்த பங்கு சரியா என்பது முதலாவது. இதனைப் பங்கீட்டு நியாயம் எனலாம். அப்பங்கை முடிவு செய்த வழி சரியா என்பது இரண்டாவது. இது வழிமுறை நியாயம். அம்முடிவைச் சொன்ன விதத்தில் மதிப்பும் உண்மையும் இருந்தனவா என்பது மூன்றாவது. இது நடத்தை நியாயம்.

முதல் வகையை 1960களில் ஸ்டேசி ஆடம்ஸ் என்பவர் விளக்கினார். ஒருவர் தாம் கொடுத்ததையும் பெற்றதையும் மட்டும் எண்ணிப் பார்ப்பதில்லை. அருகிலிருப்பவர் கொடுத்ததோடும் பெற்றதோடும் ஒப்பிடுகிறார். மாணவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. குழுவாகச் செய்யும் திட்டப்பணியில் நால்வருள் ஒருவர் ஒன்றும் செய்யாமல் இருந்து, நால்வரும் ஒரே மதிப்பெண் பெற்றால், உழைத்த மூவர்க்கும் அந்த மதிப்பெண் இனிப்பதில்லை. மதிப்பெண் குறையவில்லை, நிறைவுதான் குறைகிறது.

மற்ற இரு வகைகளின் வலிமையைக் காட்ட ஓர் ஆய்வு போதும். ஜெரால்ட் கிரீன்பெர்க் என்பவர் 1990இல் அதை வெளியிட்டார். அமெரிக்காவில் ஒரு நிறுவனம் சில ஒப்பந்தங்களை இழந்தது. ஆட்குறைப்பைத் தவிர்க்கும் பொருட்டுத் தன் இரு தொழிற்சாலைகளில் பத்து வாரத்துக்கு 15 விழுக்காடு ஊதியத்தைக் குறைத்தது. ஒன்றில் நிறுவனத் தலைவர் நெடுநேரம் கூட்டம் நடத்தி, கணக்குகளைக் காட்டி, வருத்தம் தெரிவித்து, கேள்விகளுக்கு விடையளித்தார். மற்றொன்றில் சுருக்கமாக அறிவித்துவிட்டுக் கூட்டத்தை முடித்தனர். ஊதியம் குறைந்த அந்த வாரங்களில் இரு ஆலைகளிலும் பொருள்கள் களவுபோவது கூடியது. ஆனால் விளக்கம் இல்லாத ஆலையில் அது மிகுதியாகக் கூடியது. பணியை விட்டு விலகியோரும் அங்கேதான் அதிகம். இரு ஆலைகளிலும் வெட்டு ஒன்றே, தொகை ஒன்றே. வேறுபட்டது விளக்கமும் மரியாதையும்.

களவு நியாயமாகிவிட்டது என்று இதற்குப் பொருளன்று. மேலிடத்தில் தோன்றும் அறக்குறை கீழே இன்னோர் அறக்குறையாகப் பிறக்கிறது என்பதே இதன் பாடம்.

முறை என்னும் சொல்

இவற்றையெல்லாம் மேலைநாட்டார் அண்மையில் கண்டுபிடித்ததாக நாம் எண்ண வேண்டியதில்லை. நம் மொழியில் 'முறை' என்ற சொல்லைப் பாருங்கள். ஒழுங்கு, வரிசையில் வரும் வாய்ப்பு, உறவு, நீதி ஆகிய நான்கு பொருளையும் அது தருகிறது. மன்னன் நீதி வழங்குவது முறை செய்தல். நீதி வேண்டிக் குரல் எழுப்புவது முறையீடு. அலுவலகத்தில் நடக்கும் ஊழலை இன்றைய நாளிதழ்கள் முறைகேடு என்கின்றன. வழிமுறை கெட்டால் நீதி கெடும் என்ற கருத்து இச்சொல்லுக்குள்ளேயே உறைந்திருக்கிறது.

சிலப்பதிகாரத்தில் பாண்டியன் செய்த பிழை யாது? அரசியின் சிலம்பைத் திருடியவனைத் தண்டிக்க வேண்டும் என்று அவன் எண்ணியது பிழையன்று. பிடிபட்டவனை அழைத்துக் கேளாமலும், சிலம்பைச் சோதித்துப் பாராமலும் கொல்லச் சொன்னதே பிழை. சிலம்பை உடைத்துப் பார்க்கும் சோதனை தண்டனைக்குப் பின்னர் நடந்தது. முன்னர் நடந்திருந்தால் கோவலன் பிழைத்திருப்பான். கண்ணகி அவைக்கு வந்து கேட்டது, ஆராயாமல் செய்த முடிவுக்கான விளக்கத்தையே.

மனுநீதிச் சோழன் கதையில் வரும் ஆராய்ச்சி மணியையும் எண்ணிப் பாருங்கள். யாரும் அடிக்கலாம், அடித்தவரைக் கேட்டாக வேண்டும், குற்றம் அரசன் மகனுடையதாயினும் ஆராய வேண்டும். குறைதீர்க்கும் ஏற்பாடு ஒன்றுக்குத் தேவையான மூன்று இலக்கணங்களும் அதில் உள்ளன. இன்று பல அலுவலகங்களில் மணி தொங்குகிறது; கருத்துப் பெட்டி என்றும், இணையப் படிவம் என்றும், பணியாளர் கருத்தாய்வு என்றும் அதற்குப் பெயர்கள் உள்ளன. அடித்தால் யார் வருவார், அடித்தவர்க்கு என்ன நேரும் என்று தெரியாததால் கயிற்றைத் தொடத்தான் ஆள் இல்லை.

கிள்ளான், 1941

இவ்வட்டாரத் தமிழர் வரலாற்றிலிருந்தே ஒரு சான்று தருகிறேன். 1941இல் சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களை ஒருங்கிணைத்தவர்களுள் முதன்மையானவர் ஆர். எச். நாதன். சீனத் தொழிலாளர்க்கு இணையான ஊதியம் வேண்டும் என்பது அவர்களுடைய கோரிக்கைகளுள் ஒன்று. ஆனால் பட்டியல் அதோடு முடியவில்லை. துரைமாரும் கிராணிமாரும் எதிர்ப்பட்டால் மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். பெண்களிடம் தகாத முறையில் நடப்பது நிற்க வேண்டும். பிள்ளைகளுக்குச் சரியான கல்வியும் நோயாளிக்குச் சரியான மருத்துவமும் வேண்டும். கள்ளுக்கடைகளை மூட வேண்டும். உறவினர் தோட்டத்துக்கு வந்துபோக உரிமை வேண்டும். குறை சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது என்றெல்லாம் அவர்கள் கேட்டனர்.

மிதிவண்டியை விட்டு இறங்குவதால் தினக்கூலியில் ஒரு காசும் குறையாது. அவ்வாறிருக்க, வயிற்றுக்கே போதாத நிலையில் இருந்தவர்கள் ஊதியத்தோடு சேர்த்து இதையும் ஏன் கேட்டனர்? கூலி எத்தனை உயர்ந்தாலும், வண்டியை விட்டு இறங்கி நிற்கும் அந்தக் கணத்தில் தாம் யாராக மதிக்கப்படுகிறோம் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். அப்போராட்டம் படைகொண்டு ஒடுக்கப்பட்டது, உயிர்கள் பறிபோயின, நாதன் நாடு கடத்தப்பட்டார். ஆனால் இன்றைய ஆய்வாளர் வகுத்த மூவகை நியாயமும் அந்தப் பட்டியலில் இருப்பதைக் காண்கிறோம். ஊதியம் பங்கைப் பற்றியது. பழிவாங்கக் கூடாது என்பது வழிமுறையைப் பற்றியது. மிதிவண்டி மரியாதையைப் பற்றியது.

சட்டம் நடந்துவந்த வழி

இனிச் சிங்கப்பூர்ச் சட்டங்களுக்கு வருவோம். 1968இல் இயற்றப்பட்ட வேலைச் சட்டம் பெரிதும் அளவுகளைப் பற்றியது. எத்தனை மணி நேர வேலை, எத்தனை நாள் விடுப்பு, ஓவர்டைமுக்கு எத்தனை மடங்கு சம்பளம் என்பன அதில் வரையறுக்கப்பட்டன. அளவுகளை உறுதி செய்யாமல் மற்றவற்றைப் பேச இயலாது. ஆகவே அது சரியான தொடக்கமே.

அண்மைய ஆண்டுகளில் வந்த மாற்றங்களோ வழிமுறையைத் தொடுகின்றன. 2016 ஏப்ரல் முதல், அச்சட்டத்தின்கீழ் வரும் பணியாளர்க்கு விவரமான சம்பளச் சீட்டையும் முக்கிய வேலை நிபந்தனைகளை எழுத்து வடிவிலும் தர வேண்டும் என்பது கட்டாயமாயிற்று. அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, பிடித்தம் எதற்கு, ஓவர்டைம் எத்தனை மணி என்று அச்சீட்டு காட்டுகிறது. சம்பளச் சீட்டு ஓர் அற ஆவணம் என்றே நான் கருதுகிறேன். சம்பளத்தை ஒரு வெள்ளிகூடக் கூட்டாமல், ஐயத்தை அது குறைக்கிறது.

2024 டிசம்பர் முதல் நடப்புக்கு வந்த முத்தரப்பு வழிகாட்டி, நீக்குப்போக்கான வேலை ஏற்பாட்டைக் கேட்டு எழுத்து வடிவில் விண்ணப்பிப்போர்க்கு இரண்டு மாதத்துக்குள் எழுத்து வடிவில் பதில் தர வேண்டும் என்கிறது. விண்ணப்பத்தை ஏற்றே ஆகவேண்டும் என்று அது சொல்லவில்லை. மறுத்தால் காரணத்தைச் சொல்லுங்கள் என்கிறது. முதிய தாயைப் பார்த்துக்கொள்ள வாரத்தில் ஒருநாள் வீட்டிலிருந்து பணிபுரிய விரும்பும் ஒருவர்க்கு, காரணம் சொல்லி மறுப்பதற்கும் பதிலே சொல்லாமல் இருப்பதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. முன்னதில் அவர் ஏமாற்றம் அடைவார். பின்னதில் தம்மை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை என்று உணர்வார்.

2025 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வேலையிட நியாயத்தன்மை மசோதா, வயது, இனம், சமயம், பாலினம், உடற்குறை முதலியவற்றின் அடிப்படையில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. அத்துடன், முதலாளிகள் குறைகளை விசாரிக்க ஓர் ஏற்பாட்டை வைத்திருக்க வேண்டும் என்றும், முறையிட்டவரைப் பழிவாங்கக் கூடாது என்றும் கூறுகிறது. கிள்ளான் தொழிலாளர் கேட்டதில் ஒரு பகுதி ஏறத்தாழ 84 ஆண்டுகளுக்குப் பின் இங்கே சட்டத்தின் சொற்களில் இடம்பெற்றிருக்கிறது.

எனினும் சட்டத்துக்கு எல்லை உண்டு. 25 பேருக்கும் குறைவானோர் பணிபுரியும் நிறுவனங்களுக்கு இப்புதிய ஏற்பாடு தொடக்கத்தில் பொருந்தாது. இல்லப் பணிப்பெண்கள் வேலைச் சட்டத்தின்கீழ் வருவதில்லை; அவர்களுக்கு வேறு விதிமுறைகள் உள்ளன. நம்மில் பலர் அவர்களுடைய முதலாளிகள். சட்டம் நிற்கும் இடத்துக்கு அப்பாலும் அறம் நடக்க வேண்டியிருக்கிறது. அங்கே அதை நடத்துவோர் நாமே.

செய்யச் சொல்லப்படும் தவறு

இதுவரை பணியாளர்க்கு இழைக்கப்படும் அநீதியைப் பேசினோம். பணியாளரின் கையால் செய்விக்கப்படும் அநீதியும் ஒன்று உண்டு. சரிபார்க்காத இயந்திரத்தைச் சரிபார்த்ததாகக் கையொப்பமிடச் சொல்வது, முதியவர் ஒருவர்க்குத் தேவையற்ற காப்புறுதியை விற்கச் சொல்வது, வராத நாளுக்கு வந்ததாகக் குறிக்கச் சொல்வது போன்றவை. இத்தகைய இடத்தில் சம்பளம் நல்லதாக இருக்கலாம். மேலதிகாரி இன்முகம் காட்டலாம். ஆயினும் மனம் நிறைவதில்லை.

ஆண்ட்ரூ ஜேம்டன் என்ற அறவியலாளர் 1984இல் தாதியர் பணியைப் பற்றி எழுதியபோது இதற்கு ஒரு பெயர் தந்தார். செய்ய வேண்டியது யாது என்று ஒருவர்க்குத் தெரியும். ஆனால் நிறுவனத்தின் கட்டுப்பாடு அதைச் செய்யவிடாது. அப்போது எழும் வேதனையை நாம் 'அறத்துயர்' என்று சொல்லலாம். அக்கறையற்றவர்க்கு அறத்துயர் இல்லை. மனச்சான்று கூர்மையாக உள்ளவரையே அது மிகுதியாகத் தாக்குகிறது. ஆகவே தவறான பணியிடம் தன் நல்ல பணியாளரையே முதலில் இழக்கிறது.

அத்தகையவர் முன் உள்ள வழிகள் சிலவே. 1970இல் வெளியான தம் நூலில் பொருளியலாளர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் அவற்றை விலகலும் குரலும் என வகுத்தார். நிறுவனத்தின்மேல் உள்ள பற்று இவ்விரண்டுக்கும் இடையே நின்று, விலகலைத் தாமதப்படுத்திக் குரலுக்கு வாய்ப்பளிக்கிறது என்றார். இதிலிருந்து மேலாளர்கள் கற்க வேண்டியது ஒன்று உண்டு. முறையிடுபவர் எதிரி அல்லர். இந்த இடம் திருந்தும் என்று இன்னும் நம்புகிறவரே முறையிடுகிறார். நம்பிக்கை இழந்தவர் ஓசையின்றிப் பணிவிலகல் கடிதம் எழுதுகிறார்.

ஓர் ஐயம்

இங்கே மாணவர் ஒருவர் கேட்கக்கூடும்: அறமுள்ள இடத்தில் நிறைவு மிகுதி என்று கருத்தாய்வுகள் சொன்னால், அறம்தான் நிறைவைத் தந்தது என்று எப்படி உறுதியாகச் சொல்வது? நல்ல கேள்வி. ஒரே வினாத்தாளில் ஒரே மனிதர் இரண்டுக்கும் விடையளிக்கிறார். பணியில் மகிழ்ந்திருப்பவர் தம் நிறுவனத்தையும் நல்லதாகவே மதிப்பிடக்கூடும். ஆகவே இத்தகைய முடிவுகளை நிதானமாகப் படிக்க வேண்டும்.

இதைவிட ஆழமான கேள்வி மற்றொன்று உண்டு. அறமற்ற இடத்திலும் சிலர் நிறைவோடு இருக்கின்றனர். பங்கு கிடைப்பதால் இருக்கலாம், பழகிவிட்டதால் இருக்கலாம். தோட்டத்தில் வண்டியை விட்டு இறங்கிப் பழகியவர்களுள் அதை இயல்பாக எண்ணியோரும் இருந்திருக்கக்கூடும். அவர்கள் வருந்தாததால் அவ்வழக்கம் சரியாகிவிடாது. ஆகவே மனநிறைவை அறத்தின் அளவுகோலாகக் கொள்ள இயலாது. உற்பத்தி பெருகும், ஆட்கள் விலகமாட்டார்கள் என்பதற்காக மட்டும் நியாயமாக நடப்பவர், அந்த ஆதாயம் நின்ற நாளில் நியாயத்தையும் நிறுத்திவிடுவார். நியாயமாக நடத்தப்படுவது மனிதர்க்கு உரியது. நிறைவு அதனால் விளையும் பயன்.

பள்ளியும் ஒரு பணியிடமே

ஆசிரியப் பெருமக்களே, பள்ளியும் ஒரு பணியிடம். விடுப்பில் சென்ற ஆசிரியரின் பாடவேளைகளை யார் ஏற்பது, இணைப்பாட நடவடிக்கைகளுக்கு யார் பொறுப்பு, விழா நாள்களில் யார் கூடுதல் நேரம் நிற்பது என்பன சிறியனவாகத் தோன்றலாம். மறுக்கத் தெரியாத ஒருவர்மேலேயே அவை மீண்டும் மீண்டும் விழுந்தால் அது முறையன்று. பகிர்வுப் பட்டியலை எல்லோரும் பார்க்கும் இடத்தில் வைப்பதே பாதித் தீர்வாகும்.

வகுப்பறையிலும் இதையே செய்யலாம். மதிப்பெண் குறைந்த மாணவர் காரணம் கேட்டால், அதை எதிர்ப்பாகக் கொள்ளாமல் விளக்குங்கள். இருவர் சண்டையிட்டால் இருவரையும் கேட்ட பின்னரே தண்டியுங்கள். காரணம் கேட்கவும், காரணம் சொல்லவும் பள்ளியில் பழகியவரே நாளை பணியிடத்தில் அவ்வாறு நடப்பார்.

மாணவச் செல்வங்களே, உங்களில் பலர் விரைவில் வேலைப் பயிற்சிக்கோ பகுதிநேர வேலைக்கோ செல்வீர்கள். நிபந்தனைகளை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். சம்பளச் சீட்டைப் படியுங்கள். செய்யாத ஒன்றைச் செய்ததாகக் கையொப்பமிடாதீர்கள். குறை இருந்தால் நாளையும் நிகழ்வையும் குறித்துவைத்து, உரியவரிடம் மரியாதையோடு சொல்லுங்கள். இருபது ஆண்டுகளுக்குப் பின் உங்களுள் சிலர் மேலாளராக இருப்பீர்கள். அன்று உங்கள் முன் ஓர் இளையர் தயங்கித் தயங்கி வந்து நிற்பார். அவர் சொல்வதை முழுமையாகக் கேளுங்கள். ஆராயுங்கள். ஏற்க இயலாவிட்டால் காரணத்தைச் சொல்லுங்கள். முறை செய்தல் என்று நம் முன்னோர் சொன்னது இதைத்தான்.